கம்பியில்லாத் தொடர்பும் அதன் பிணி தீர்த்தலும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் ஒருவன் கணிப்பொறியின் பழுது நீக்கத்தைக் குறித்து இப்பத்திரிகையில் எழுதப் புகுதல் தன் எல்லை கடந்த செயலென்று பௌதிக வகுப்பு நண்பர்கள் நகைக்கக்கூடும். அந்நகைப்பு முற்றும் நியாயமற்றதென்று யான் சொல்லேன். எனினும், இன்று நம் இல்லங்களில் விசைப்பலகை, மவுஸ், ஹெட்போன், அச்சுப்பொறி முதலிய துணைக்கருவிகள் பலவும் கம்பியின்றியே கணிப்பொறியோடு தொடர்பு கொள்ளுகின்றன. அவற்றுள் ஒன்று பேசாமற் போனால், வீட்டிலுள்ளோர் முதற்கண் நோக்குவது கல்லூரியிற் படிக்கும் பிள்ளையின் முகத்தையே. அப்பிள்ளை படிப்பது பௌதிகமா தொல்காப்பியமா என்று ஒருவரும் வினவுவதில்லை. சென்ற விடுமுறையில் யான் அவ்வாறு நோக்கப்பட்டேன். அறியாமையால் ஒரு பெரும்பிழை செய்து, பின்னர் ஒருவாறு வழி கண்டேன். அப்பிழையும் அவ்வழியும் பிறர்க்குப் பயன்படுமென்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தில் வள்ளுவனார் மருத்துவனுக்கு ஒரு முறை வகுத்துள்ளார். பிணி இன்னதெனத் துணிதல், அதற்குக் காரணம் யாதெனத் தேர்தல், அதனைத் தணிக்கும் உபாயத்தை எண்ணுதல், எண்ணியதைப் பிழையின்றிச் செய்தல் என்பன அம்முறையின் படிகள். உடம்பிற்குச் சொல்லிய அது பொறிக்கும் பொருந்தும். நாமோ முதல் மூன்று படிகளையும் விடுத்து நான்காவதிலேயே தொடங்கிவிடுகின்றோம். கருவி வேலை செய்யாதபோது கைக்குக் கிடைத்த பொத்தானையெல்லாம் அழுத்துகின்றோம். தற்செயலாய்ச் சரியானால் எதனாற் சரியாயிற்று என்று அறியோம். சரியாகாவிடின் எதனை எதனை மாற்றினோம் என்றும் அறியோம். ஆகவே, முதலில் இத்தொடர்பின் இயல்பைச் சுருங்க நோக்கிப் பின்னர் ஆராயும் முறைக்குச் செல்வோம்.

கம்பியில்லாத் தொடர்பின் இயல்பு

கம்பியின்றிச் செய்தி செல்லுதல் மாயமன்று. 1865-ஆம் ஆண்டு ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்பார் மின்காந்த அலைகள் உளவாமென்று கணிதத்தாற் காட்டினார். 1887, 1888-ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்பார் அவ்வலைகளைப் பரிசோதனைச் சாலையில் எழுப்பியும் ஏற்றும் அதனை மெய்ப்பித்தார். 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் அவர்கள் அவ்வகை அலைகளை இடைநின்ற சுவரை ஊடுருவச் செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிப்பித்தார். 1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக் மாகடலுக்கு அப்பாலிருந்து வந்த குறிப்பை ஏற்றார். 'கம்பியில்லாத் தந்தி' என்று நம் முன்னோர் வியந்து பெயரிட்ட அதுவே சுருங்கி வந்து, இன்று மேசைமேற் கிடக்கும் மவுஸின் வயிற்றினுள் அமர்ந்திருக்கின்றது.

வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் பகுதியிற் பேசுவன. அஃதாவது, அவற்றின் அலை ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 240 கோடி முறை அதிர்கின்றது. அவ்வலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய அரைச் சாண். இப்பகுதி ஊர்ப் பொதுமேய்ச்சல் நிலம் போன்றது. இந்தியாவில் 2005-ஆம் ஆண்டு முதல் குறைந்த ஆற்றலுடைய கருவிகளை இப்பகுதியில் உரிமம் பெறாமலே யாரும் இயக்கலாம். பொது நிலமாதலின் அங்கு நெரிசலும் மிகுதி. நம் வீட்டு வைஃபை, அண்டை வீட்டார் வைஃபை, புளூடூத் கருவிகள், டாங்கிள் என்னும் சிறு ஏற்பியோடு வரும் மவுஸ்கள் ஆகிய அனைத்தும் அங்கேயே உலவுகின்றன. உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸிலேயே இயங்குவதால், அதன் கதவிடுக்கிற் கசியும் சிறிதளவு அலையும் இந்நிலத்திற் புகுந்துவிடும்.

இந்நெரிசலில் ஒரு கருவி தன் துணையின் குரலை எங்ஙனம் பிரித்தறிகின்றது? புளூடூத் இதற்கொரு நயமான வழி கொண்டுள்ளது. இம்முறை 1994-இல் ஸ்வீடன் தேசத்து எரிக்ஸன் கம்பெனியிற் கருக்கொண்டது; 1998-இல் எரிக்ஸன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா என்னும் ஐந்து கம்பெனிகள் கூடி இதனைப் பொது முறையாக்கச் சங்கம் அமைத்தன. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க் தேசத்தைத் தன் ஆட்சிக்கீழ் ஒன்றுபடுத்திய ஹரால்ட் என்னும் அரசனுக்கு 'நீலப்பல்லன்' என்னும் பட்டப்பெயர் உண்டு. வேறுபட்ட கருவிகளை ஒன்றுபடுத்தும் இம்முறைக்கு அவன் பெயரையே இட்டனர். அவன் பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டையும் பழைய ரூனிக் எழுத்தில் பிணைத்ததே இன்று நாம் காணும் புளூடூத் சின்னம்.

பழைய வகைப் புளூடூத் தன் பகுதியை 79 தடங்களாகப் பகுத்துக்கொண்டு, விநாடிக்கு 1,600 முறை தடம் விட்டுத் தடம் தாவுகின்றது. தாவும் வரிசை பேசும் இருவர்க்கு மட்டுமே தெரிந்திருத்தலால், ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தாலும் அடுத்த தடத்திற் பேச்சுத் தொடர்கின்றது. இவ்வாறு தாவும் உபாயத்திற்கு ஒரு பழைய வடிவம், ஹெடி லமார் என்னும் நடிகையும் ஜார்ஜ் ஆன்தைல் என்னும் இசைவாணரும் 1942-இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றதொன்று. பியானோவின் 88 கட்டைகளை ஒப்ப 88 அலைவரிசைகள் அதிற் குறிக்கப்பட்டன. 2003-இல் வெளிவந்த புளூடூத் முறை, இரைச்சல் மிகுந்த தடங்களைக் கண்டு விலக்கித் தாவவும் கற்றுக்கொண்டது. எனினும் விலக்குதற்கும் ஓர் எல்லை உண்டு. தடங்கள் யாவும் ஒருங்கே இரைந்தால், தாவி ஒதுங்க இடமேது? இதனை நினைவில் வைத்தல் வேண்டும், பின்னர்ப் பயன்படும்.

இணை சேர்த்தலாவது யாது?

புளூடூத் கருவியை முதன்முதற் கணிப்பொறியோடு பழக்குவதை 'பேரிங்' என்பர். இணை சேர்த்தல் என்று நாம் சொல்லலாம். அப்பொழுது இரண்டும் தமக்குள் ஒரு மறைச்சாவியை உண்டாக்கி, ஆளுக்கொரு படி சேமித்துக்கொள்ளுகின்றன. அடுத்த முறை சந்திக்கும்போது அச்சாவியைக் கொண்டே ஒன்றையொன்று அறிகின்றன. அசோகவனத்திற் சீதை அனுமனை நம்பியது அவன் காட்டிய கணையாழியால் அன்றோ? இங்கும் அதுவே நிகழ்கின்றது. ஒரு பக்கத்திற் சாவி அழிந்து மறுபக்கத்தில் நிலைத்திருந்தால், கணையாழி பொருந்தாது. பெயர் திரையில் தோன்றும், ஆயினும் இணைப்பு நிகழாது. இத்தகைய நிலையில் ஒரு பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப முயலுதல் வீண். இரு பக்கமும் பழைய சாவியை நீக்கிவிட்டுப் புதிதாய் இணை சேர்த்தலே தக்கது.

இன்னொன்றும் அறிதற்குரியது. டாங்கிளோடு விற்கப்படும் மவுஸும் விசைப்பலகையும் அவ்வேற்பியோடு மட்டுமே பேசுமாறு தொழிற்சாலையிலேயே இணை சேர்க்கப்பட்டவை. அவற்றைப் புளூடூத் பட்டியலில் ஒரு நாள் முழுதும் தேடினாலும் காணமுடியாது. ஆகவே, கையிலுள்ள கருவி எவ்வகையது என்று முதலிலே தெளிதல் வேண்டும். இரு வகையிலும் இயங்கும் மவுஸ்களும் உள. அவற்றின் அடிப்புறத்தில் வகையை மாற்றும் சிறு பொத்தான் இருக்கும்.

ஆராயும் முறை

இனி, விண்டோஸ் கணிப்பொறியை மனத்திற்கொண்டு, ஒழுங்குபட ஆராயும் முறையைக் கூறுவேன். எளியதினின்று அரியதற்கும், கெடுதல் விளைக்காததினின்று கெடுதல் விளைக்கக்கூடியதற்கும் செல்லுதல் இதன் நியதி.

முதலாவது, கெட்டது எது, கெடாதது எது என்று எல்லை வகுக்க. ஹெட்போன் மட்டும் இணையவில்லையா, புளூடூத் கருவிகள் யாவுமே இணையவில்லையா? ஒன்று மட்டுமாயின் குற்றம் பெரும்பாலும் அக்கருவியிலோ அதன் சாவியிலோ உளது. யாவுமாயின் கணிப்பொறியில் உளது. ஹெட்போனைக் கைப்பேசி ஒன்றோடு இணைத்துப் பார்த்தால் இவ்வையம் ஐந்து நிமிடத்தில் நீங்கும்.

இரண்டாவது, கருவிக்கு உயிர் உண்டா என்று காண்க. மின்கலம் தீர்ந்திருத்தல், சார்ஜ் குறைந்திருத்தல், மவுஸின் அடியிலுள்ள சுவிட்ச் அணைந்திருத்தல், மின்கலத்தின் முனையிற் களிம்பு படிந்திருத்தல் ஆகியவற்றைச் சோதிக்க. இவை அற்பமென்று பலர் தாண்டிச் செல்வர். தாண்டியவர் பின்னர் நெடுந்தூரம் நடந்து இவ்விடத்திற்கே திரும்புவர்.

மூன்றாவது, கணிப்பொறியின் வாய் திறந்திருக்கின்றதா என்று காண்க. செட்டிங்ஸில் புளூடூத் அணைந்திருக்கலாம். 'ஏரோப்பிளேன் மோட்' விசை தவறுதலாய் அழுத்தப்பட்டிருக்கலாம். புளூடூத் சுவிட்சே திரையிற் காணப்படாவிடின், அது பயனர் குற்றமன்று. கணிப்பொறி தன் ஏற்பியையே அறியாதிருக்கின்றது. அதற்கு ஏழாவது படியைக் காண்க.

நான்காவது, கருவி வேறொருவர்க்கு வசமாகியிருக்கின்றதா என்று தேர்க. ஒரு காலத்தில் ஒரு கருவியோடு மட்டும் இணையும் ஹெட்போன்கள் பல. முன்பு பழகிய கைப்பேசி அருகிலிருந்தால், அதனோடு இணைந்துவிட்டுக் கணிப்பொறியின் அழைப்பிற்குச் செவி கொடா. அருகிலுள்ள கைப்பேசிகளின் புளூடூத்தைச் சிறிது நேரம் அணைத்துப் பார்த்தல் நன்று.

ஐந்தாவது, சாவியைப் புதுப்பிக்க. கணிப்பொறியின் பட்டியலிலிருந்து கருவியை நீக்கி, கருவியின் பொத்தானை அதன் விளக்கு விரைந்து மின்னும்வரை அழுத்திப் பிடித்து, மீண்டும் சேர்க்க. விளக்கு மின்னாத நிலையில் கருவி தன்னைப் புதியோர்க்கு வெளிப்படுத்தாது. பட்டியலில் அது தோன்றவில்லை என்று முறையிடுவோர் பலர் செய்யும் பிழை இதுவே.

ஆறாவது, இணைந்தும் ஒலி கேளாதாயின், ஒலி எங்கே செல்லுகின்றது என்று காண்க. திரையின் ஒலிச் சின்னத்தருகே எந்தக் கருவி தெரிந்தெடுக்கப்பட்டுள்ளதென்று நோக்கினால் போதும். ஒலி கேட்டும் மிக மெலிந்து, பழைய டெலிபோனிற் பேசுவதுபோற் கேட்டால், ஏதோ ஒரு மென்பொருள் ஹெட்போனின் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றது என்று கொள்க. பழைய வகைப் புளூடூத்தில் பேசுதலும் கேட்டலும் ஒருங்கே நிகழும்போது ஒலியின் தரம் குறைதல் இயல்பு, அது பழுதன்று. அம்மென்பொருளை மூடினால் நல்லொலி மீளும்.

ஏழாவது, கணிப்பொறியைப் புதிதாய்த் துவக்குக. இங்கே ஒரு நுட்பம் உண்டு. விண்டோஸ் 8 தொடங்கி, 'ஷட் டவுன்' செய்து மீள எழுப்புதல் பல கணிப்பொறிகளில் முழுத் துவக்கம் ஆகாது. விரைந்து எழுவதற்காகத் தன் நிலையின் ஒரு பகுதியை அது சேமித்து வைத்துக்கொள்ளுகின்றது. 'ரீஸ்டார்ட்' என்பதே முழுத் துவக்கம். அதன்பின்னும் குணமாகாவிடின், டிவைஸ் மானேஜரில் புளூடூத் ஏற்பியின் பெயர் உளதா, அதன்மேல் மஞ்சள் குறி உளதா என்று காண்க. அவ்வேற்பியை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தலும், மின்சாரம் சேமிப்பதற்காக ஏற்பியை அணைக்கும் அனுமதியை நீக்குதலும் இவ்விடத்திற் செய்யற்பாலன.

எட்டாவது, இடத்தையும் இரைச்சலையும் ஆராய்க. இணைந்தும் இணைந்தும் அறுவதாயின் குற்றம் பெரும்பாலும் இங்கே இருக்கும். நீரும் உலோகமும் இவ்வலைகளைத் தடுப்பன. மனித உடம்பில் நீரே மிகுதியாதலின் நாமும் ஒரு தடையே. மேசைக்கு அடியில், கணிப்பொறிப் பெட்டியின் பின்புறத்திற் செருகிய ஏற்பிக்கும் நம் காதிற்கும் இடையே இரும்புத் தகடு ஒன்று நிற்கின்றதென்பதை மறவற்க. வைஃபை ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருப்பின், கணிப்பொறியை அதற்கு மாற்றினால் 2.4 பகுதியில் நெரிசல் குறையும்.

வைஃபை தொடர்பைப் பற்றி ஒரு சொல். 'இன்டர்நெட் வரவில்லை' என்பது இரு வேறு பிணிகளுக்கு ஒரு பெயர். கணிப்பொறி ரவுட்டரை அடையாமை ஒன்று. ரவுட்டர் வெளியுலகை அடையாமை மற்றொன்று. அதே வைஃபையில் கைப்பேசி இயங்கினால் முதற்பிணி; அதுவும் இயங்காவிடின் பெரும்பாலும் இரண்டாவது. முதலாவதற்குக் கணிப்பொறியில் அவ்விணைப்பை மறக்கச் செய்து கடவுச்சொல்லை மீண்டும் இடுக. இரண்டாவதற்கு ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து ஏற்றிப் பார்க்க.

இப்படிகள் அனைத்திற்கும் பொதுவான விதி ஒன்றே: ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுக, மாற்றியதைக் குறித்து வைக்க, பயன்படாவிடின் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு அடுத்ததற்குச் செல்க.

எம் இல்லத்தில் நிகழ்ந்தது

இனி, யான் செய்த பிழையைக் கூறுவேன்.

என் பெரியப்பா தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். கண்ணழுத்த நோயால் அவர் பார்வை முற்றும் அற்றுவிட்டது. என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிக்கும் மென்பொருள் அவர்க்குக் கண்ணாயிருக்கின்றது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்னும் பார்வையற்றவர் 2006-இல் தொடங்கி, விலையின்றி வழங்கும் மென்பொருள் அது. திரையிலுள்ள எழுத்தைத் தமிழிலும் வாசித்துக் காட்டும். பெரியப்பா புளூடூத் ஹெட்போனை அணிந்து, புளூடூத் விசைப்பலகையில் தம் ஆசிரியரைப் பற்றிய நினைவுகளை நாளுக்கொரு பக்கமாக எழுதிவந்தார். அவர்க்கு ஒலி நின்றால் கணிப்பொறியே இல்லை.

யான் விடுமுறைக்குச் சென்றபோது அவர் மூன்று நாட்களாய் ஒன்றும் எழுதவில்லை. ஹெட்போன் குரல் விட்டுவிட்டு அறுந்து, பின்னர் முற்றும் நின்றுபோயிற்று. "வீட்டில் ஆளில்லாதது போலிருக்கிறது, தம்பி. நீ வந்து பார்ப்பாய் என்றுதான் யாரையும் கூப்பிடவில்லை" என்றார். அச்சொல் என்னைப் பெருமிதங் கொள்ளச் செய்தது. பெருமிதங் கொண்டவன் ஆராய்வதில்லை. அவர் ஏதோ சொல்லத் தொடங்கியதையும் செவிமடாது, கணிப்பொறியின் முன் அமர்ந்து, புளூடூத்தை ஒருமுறை அணைத்து ஏற்றினால் சரியாகும் என்று கருதி அதனை அணைத்தேன். அக்கணமே மவுஸின் அம்பு அசைவற்று நின்றது, விசைப்பலகையும் ஊமையாயிற்று. அவை இரண்டும் புளூடூத்தாலேயே இயங்கின என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். நுனிக்கொம்பிலிருந்து அடிக்கொம்பை வெட்டியவன் கதையாயிற்று. கணிப்பொறியை அணைத்து எழுப்பியும் பயனில்லை. யான் அணைத்த சுவிட்சை அது அணைந்தபடியே பேணிக்கொண்டது. கம்பியுள்ள மவுஸ் ஒன்றேனும் வீட்டிலில்லை, கடைகளும் அடைத்துவிட்டன. அன்றிரவு பெரியப்பா என்னை ஒன்றும் கடிந்துரைத்திலர். அதுவே எனக்குக் கடினமாயிருந்தது.

மறுநாட் காலையில் அண்டை வீட்டாரிடம் கம்பி மவுஸ் ஒன்று இரவல் பெற்றுப் புளூடூத்தை ஏற்றினேன். விசைப்பலகை உயிர்த்தது, ஹெட்போன் வரவில்லை. இம்முறை ஒழுங்காய் ஆராய்ந்தேன். ஹெட்போனில் சார்ஜ் இருந்தது, விளக்கும் எரிந்தது. அது யாரோடு இணைந்திருந்தது? அடுக்களையில் பெரியம்மாவின் கைப்பேசியோடு! முன்னொரு நாள் பாட்டுக் கேட்பதற்காக அதனோடு பழக்கியிருந்தனர். அக்கைப்பேசியில் புளூடூத்தை அணைத்தவுடன் ஹெட்போன் கணிப்பொறியோடு சேர்ந்தது. பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. யானும் வெற்றி கொண்டேன் என்று எழுந்தேன். பத்து நிமிடம் செல்லுமுன் குரல் மீண்டும் அறுந்தது.

அப்பொழுது பெரியப்பா, "நேற்றே சொல்ல வந்தேன், தம்பி. பக்கத்தில் ஒரு பெட்டி சுழல்கிற சத்தம் கேட்கிறதல்லவா? அது சுழலும்போதெல்லாம் குரல் அறுகிறது. அது ஓய்ந்தால் குரல் ஒழுங்காகிறது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்" என்றார். யான் உற்றுக் கேட்டேன். மேசைமேல் புதிதாய் வாங்கிய ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது. அவர் எழுதியனவும் கேட்கும் நூல்களும் அதிற் படியெடுக்கப்பட்டு வந்தன. அதன் யூ.எஸ்.பி. 3.0 வடமும் புளூடூத் ஏற்பியும் கணிப்பொறியின் முகப்பில் அடுத்தடுத்த துளைகளிற் செருகப்பட்டிருந்தன.

பௌதிக வகுப்பு நண்பனொருவனைக் கைப்பேசியில் வினவினேன். அவன் விளக்கியதாவது: யூ.எஸ்.பி. 3.0 விநாடிக்கு 500 கோடி துணுக்குகள் வரை அனுப்பும் வேகமுடையது. அவ்வேகத்தில் தரவு பாயும்போது, வடமும் செருகியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி முழுவதையும் தழுவுமாறு இரைச்சல் கசியவிடும். இன்டெல் கம்பெனியார் 2012-இல் இதனை அளந்து அறிக்கையாகவே வெளியிட்டுள்ளனர். தடங்கள் யாவும் ஒருங்கே இரைந்தால் ஒதுங்க இடமில்லை என்று மேலே கூறினேனன்றோ? அதுவே இங்கு நிகழ்ந்தது. விசைப்பலகை அனுப்புவது சிறு செய்தி, ஒருமுறை தவறினால் மறுமுறை அனுப்பிக்கொள்ளும், நாம் அறியோம். ஒலியோ இடைவிடாது ஓடவேண்டியது. ஆதலின் அதுவே முதலில் அறுந்தது. அறுந்த ஹெட்போன் துணை தேடியபோது, அடுக்களைக் கைப்பேசி அதனை அழைத்துக்கொண்டது. கைப்பேசி பிணியின் தோற்றம். வடமே பிணியின் வேர்.

தீர்வு மிக எளிது. ஒரு மீட்டர் நீளமுள்ள யூ.எஸ்.பி. நீட்டிப்பு வடம் ஒன்றை வாங்கி, புளூடூத் ஏற்பியை ஹார்ட் டிஸ்கினின்று விலக்கி மேசையின் மறுகோடியில் வைத்தேன். பின்னர் வேண்டுமென்றே ஹார்ட் டிஸ்கிற் பெரிய கோப்பொன்றைப் படியெடுக்கச் செய்து, பெரியப்பாவைக் கேட்கச் சொன்னேன். பெட்டி சுழன்றது, குரல் அறவில்லை. ஏற்பியைப் பழைய துளைக்கே மாற்றினேன், குரல் அறுந்தது. மீண்டும் விலக்கினேன்; குரல் நிலைத்தது. காரணம் இதுவே என்று அப்பொழுதுதான் துணிந்தேன்.

முடிவுரை

இதனாற் கற்றவை மூன்று. புளூடூத்தையே நம்பியிருக்கும் வீட்டில் கம்பியுள்ள விசைப்பலகை ஒன்றும் மவுஸ் ஒன்றும் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். பார்வையற்றோர் இல்லத்தில் கம்பியுள்ள ஹெட்போனும் வேண்டும். பிணி நீங்கியதென்று கருதிய பின்னும், வேர் நீங்கியதா என்று சோதித்தல் வேண்டும். மூன்றாவதே தலையாயது. வள்ளுவனார் மருத்துவத்தின் உறுப்புக்களை எண்ணுமிடத்து, மருத்துவனுக்கும் மருந்திற்கும் முன்னர் நோயுற்றானை வைத்தார். அவ்வதிகாரத்தை யான் வகுப்பிற் பாடங்கேட்டிருந்தும் அவ்வரிசையின் பொருளை உணர்ந்திலேன். நோயுற்றான் சொல்லுவதைக் கேட்டிருந்தால், பெரியப்பா ஓரிரவு மௌனத்தில் இருந்திரார்.

நண்பர்களே, விடுமுறைக்கு நீங்கள் இல்லம் ஏகும்போது உங்களையும் ஒருவர் அழைத்து, "இது பேசமாட்டேன் என்கிறது, பார்" என்பர். அப்பொழுது பொத்தானைத் தொடுமுன், "எப்பொழுது தொடங்கிற்று? அன்று புதிதாய் என்ன வந்தது? உமக்கு என்ன தோன்றுகிறது?" என்று வினவுங்கள். அவ்வினாக்களுக்குச் செலவில்லை, அவற்றால் ஒரு சுவிட்சும் அணைவதில்லை.

பெரியப்பா தம் நினைவுகளை மீண்டும் எழுதிவருகின்றார். கம்பி மவுஸ் ஒன்றும் இப்பொழுது அம்மேசையின் இழுப்பறையில் இருக்கின்றது.